மாவு மில்லுக்கு மேல ஒரு பவளத் தொட்டி

மாப்ளே, கோபாலபுரத்து வீட்டு ஹால்ல கடல்நீர்த் தொட்டி வைக்கப் போறேன், என்ன கலர் பவளம் வாங்கலாம்னு கேட்டே. கலரை அப்புறம் பாக்கலாம். கரண்ட் போனா எவ்வளவு நேரத்துல வருது, போர் தண்ணி எப்படி, தொட்டி மேல காத்து எந்தப் பக்கம் அடிக்கும், இதை முதல்ல பாத்துச் சொல்லு. பவளத்துக்குச் சூடோ உப்போ கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாக்கூடத் தாங்கும். இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாறினாத்தான் செத்துடும்.

கொழிஞ்சாம்பாறையில மார்கழி, தை மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி அடிக்கும்னு உனக்கே தெரியும். துவைச்ச வேட்டி அரை மணியில காயும். என் தொட்டி 150 லிட்டர். அந்தக் காத்துல தினம் 5 லிட்டர் வரைக்கும் ஆவியாப் போச்சு. குறையுதேன்னு நானும் உப்புத் தண்ணியையே ஊத்தினேன். தண்ணிதான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே நிக்கும்னு அப்ப உறைக்கலே. ஒரே வாரத்துல உப்பு காட்டுற அடர்த்தி எண் 1.025ல இருந்து 1.031க்குப் போயிடுச்சு. முதல் முதலா ஆசையா வாங்கின ஸீனியாங்கிற மென்பவளம் கூழாக் கரைஞ்சுது. அதனால குறையிற அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணியை மட்டும் ஊத்து. முடிஞ்சா மிதவை வெச்ச ஆட்டோ டாப்-அப் ஒண்ணு மாட்டிடு. உப்பு பாக்க ஊசி ஆடுற பிளாஸ்டிக் டப்பாவை நம்பாதே. ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கு, அதோட 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலும் வாங்கி மாசம் ஒரு தடவை சரிபாரு.

சுத்தத் தண்ணின்னா குடிக்கிற ஆர்ஓ தண்ணி இல்லே. அதுக்கப்புறம் மிச்ச உப்பையும் பிடிக்கிற டிஐ ரெசின் வழியா விட்டு, கரைஞ்சதை அளக்கிற டிடிஎஸ் மீட்டர்ல 0 காட்டணும். நம்ம போர் தண்ணியில ரெசின் சீக்கிரம் தீந்துடும், அந்தச் செலவையும் கணக்குல சேத்துக்கோ.

சூடு 25, 26 டிகிரியில நின்னா நல்லது. காத்து வறண்டிருந்தா தொட்டி மேல ரெண்டு ஃபேன் ஓடினாலே 2, 3 டிகிரி இறங்கும், ஆனா ஆவியும் கூடும். பங்குனி, சித்திரையில ஃபேனை வெச்சு ஒண்ணும் ஆகாது. ரெண்டு வருஷம் மல்லுக்கட்டிட்டுத்தான் தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் வாங்கினேன். 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடாவுல கடலே சூடாகிப் பவளம் வெளுத்துப் போச்சு. அது உடம்புக்குள்ள குடியிருக்கிற நுண்பாசிதான் வெளிச்சத்துல சமைச்சு அதுக்குச் சாப்பாடு போடுது. சூடு தாங்காம அந்தப் பாசியை வெளியே தள்ளிட்டுப் பவளம் பட்டினி கிடக்கும். கரண்ட் போனா லைட் போகட்டும், தண்ணியை அலைய வைக்கிற வேவ்மேக்கர் மட்டும் இன்வர்ட்டர்ல ஓடணும்.

தொட்டிக்குள்ள அடுக்குற கல்லுக்கு ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போற யாரையும் கரையில பொறுக்கிட்டு வரச் சொல்லாதே. கல்பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாப்பு உள்ளது, செத்துக் கிடந்தாலும் எடுக்கக்கூடாது. செயற்கையாச் செஞ்ச உலர் கல்லே போதும். வெளிநாட்டுக் கல்பவளம்னா சைட்டிஸ் (அருகி வர்ற உயிரின வியாபார ஒப்பந்தம்) காகிதம் இருக்கணும். நீ முதல் வருஷம் கல்பவளத்துப் பக்கமே போகாதே.

கல், மணல், உப்புத் தண்ணி எல்லாம் போட்டு ஒரு பச்சை இறாலை உள்ளே போடு. அது அழுகி அமோனியா வரும், பாக்டீரியா அதை நைட்ரைட்டாவும் பிறகு நைட்ரேட்டாவும் மாத்தும். 4லேர்ந்து 6 வாரம் ஆகும். அமோனியா, நைட்ரைட் ரெண்டும் 0 வந்தப்புறமும் பொறு. மணல் மேல பழுப்பாப் படியும், அதுக்கப்புறம் பச்சை முடி முளைக்கும். பாக்க அசிங்கமா இருக்கும். அது அடங்கி, நத்தை ரெண்டு மேஞ்சு, மூணாவது மாசம் வாக்குல முதல் பவளம் வாங்கு.

முதல்ல டிஸ்கோசோமா. காளான் மாதிரி தட்டையா இருக்கும், வெளிச்சமும் தண்ணி ஓட்டமும் குறைவா இருந்தாலே போதும். அடுத்தது ஜோவாந்தஸ், பட்டன் மாதிரி கூட்டமா வளரும். அப்புறம் லெதர் பவளம், தோல் மாதிரி இருக்கிற மென்பவளம். பச்சை ஸ்டார் பாலிப்பும் சுலபந்தான், ஆனா சீமைக் கருவேலம் மாதிரி பரவும், தனிக் கல்லுல மணல் நடுவுல ஒதுக்கி வை. கடையில லைட் முழுக்க நீலமா எரியும், அதுல எல்லாமே ஜொலிக்கும். வெள்ளை லைட் போடச் சொல்லிப் பாரு. வாய் பிளந்து கிடக்கிறது, அடியில சதை உரிஞ்சு நிக்கிறது, பக்கத்துல கண்ணாடி மாதிரி அய்ப்டேசியா அனிமோன் ஒட்டினது, எதுவும் வேண்டாம். வந்து ரெண்டு வாரம் ஆன துண்டாக் கேளு.

வீட்டுக்கு வந்ததும் பையை 20 நிமிஷம் மிதக்க விடு. அப்புறம் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாத் தொட்டித் தண்ணி சேரு. பூச்சி போக்குற பவள டிப் மருந்துல முக்கி அலசி உள்ளே வை, கடைத் தண்ணியைக் கொட்டிடு. முதல்ல அடி மணல்ல இருக்கட்டும், ரெண்டு மூணு வாரத்துல மெதுவா மேல ஏத்து. ஜோவாந்தஸைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சில வகையில பாலிடாக்ஸின் விஷம் இருக்கு. அது ஒட்டின கல்லைக் கொதிக்கிற தண்ணியில போட்டுக் கழுவினா ஆவியாலயே ஆளுக்கு ஆபத்து.

லெதர் சில நாள் சுருங்கி மேல மெழுகு மாதிரி தோல் கட்டும். அப்படி இருந்தப்ப உங்கம்மா பாத்துட்டு, "அண்ணா, இது அழுகிப் போச்சு, வெளிய போடு"ன்னா. அஞ்சாம் நாள் தோலை உதிர்த்துட்டு விரல் விரிச்சு நின்னுது. அந்த நேரத்துல ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டிவிடு, தேய்க்காதே.

அப்புறம் பெருசா வேலை இல்லே. வாரம் 15 லிட்டர் தண்ணி மாத்து. ஆல்கலினிட்டி (காரத்தன்மை) டிகேஎச் அளவுல 8, 9, கால்சியம் 400 பிபிஎம்முக்கு மேல இருந்தாச் சரி. நைட்ரேட்டை முழுசா 0 ஆக்கிடாதே, 5 பிபிஎம் வாக்குல இருக்கட்டும். செம்பு கலந்த மீன் மருந்து, கொசுவத்திப் புகை, கையில தேங்காயெண்ணெய், மூணும் கிட்ட வரக்கூடாது. எனக்குக் கீழே மில்லுல இருந்து வர்ற மாவுத் தூசியே பாஸ்பேட்டை ஏத்திவிட்டுது, வலை மூடி போட்டப்புறம்தான் பாசி அடங்குச்சு.

சித்திரையில வெயில் உச்சத்துல ஒரு நாள் வந்து, என் தெர்மாமீட்டரையும் கரண்ட் பில்லையும் பாத்துட்டுப் போ. உனக்குன்னு எட்டுத் தலை ஜோவாந்தஸ் துண்டு ஒண்ணு தட்டுல ஒட்டி வெச்சிருக்கேன். மூடி இறுக்கமான டப்பா ஒண்ணு கொண்டுவா, போன தடவை மாதிரி பால் கவர் வேண்டாம்.