கையைக் கடிக்காமல் மீடியம் ஃபார்மட்: ஒரு பழைய கேமரா, பன்னிரண்டு படம்

மீடியம் ஃபார்மட் என்றால் வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய ஃபிலிம் போடும் கேமரா. முதன்முதலில் நான் வாங்கியது ஒரு பெரிய எஸ்.எல்.ஆர்., லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் வகை. லென்ஸைக் கழற்றி மாற்றலாம், பின்பக்கத்தைக் கழற்றி மாற்றலாம், வ்யூஃபைண்டரையும் கழற்றி மாற்றலாம். சேமிப்பில் பெரும்பகுதி அதற்கே போனது. மூன்றாவது ரோலில் ஷட்டர் நின்றது. உள்ளே சர்க்யூட் போய்விட்டது, உதிரிபாகம் கிடைக்காது என்று பழுதுபார்ப்பவர் கைவிரித்தார். அது ஓடிக்கொண்டிருந்த நாட்களிலும் ஃபிலிமுக்குக் கையில் காசு இருக்கவில்லை. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதை.

ஒரு வருடம் கழித்து, அதன் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு மடக்கு கேமராவை வாங்கினேன். என்னிடம் இருக்கும் நல்ல நெகட்டிவ்களில் பாதிக்கு மேல் அதில் எடுத்தவை. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

இந்த ஃபார்மட்டுக்கான ஃபிலிம் 120. கோடாக் 1901இல் தன் பிரௌனி கேமரா ஒன்றுக்காகக் கொண்டுவந்தது, இன்றும் தயாராகிறது. ஏறக்குறைய 6 செ.மீ. அகலம், ஓரத்தில் துளை கிடையாது, முதுகில் ஒரு காகிதத்தோடு சேர்ந்து சுருண்டிருக்கும். ஒரு ரோலில் எத்தனை படம் என்பது கேமராவைப் பொறுத்தது: 6×4.5 என்றால் 15 அல்லது 16, 6×6 என்றால் 12, 6×7 என்றால் 10, 6×9 என்றால் 8. ஆறு என்பது பேச்சுக்குத்தான். 6×6 நெகட்டிவை அளந்தால் 56 மி.மீ. சதுரம் இருக்கும். 35 மி.மீ. ஃபிலிமின் 24×36 ஃபிரேமைவிடப் பரப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். அதாவது, அதே அளவு பிரிண்ட் போட இதைக் குறைவாகப் பெரிதாக்கினால் போதும். சுமாரான லென்ஸின் குறைகளும் ஃபிலிமின் துகள்களும் அந்த அளவுக்கு அடங்கிவிடும். மூன்றே கண்ணாடித் துண்டுகள் கொண்ட எழுபது வயது லென்ஸ்கூட எஃப்/8, எஃப்/11 என்று துவாரத்தைச் சுருக்கி வைத்தால் உங்களை வாய்பிளக்க வைக்கும்.

ஆக, கேமராவில் மிச்சம் பிடிக்கலாம். ஃபிலிமில் முடியாது. 36 படம் விழும் ரோலுக்கும் 12 படம் விழும் ரோலுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், ஒரு படத்தின் விலை மூன்று மடங்கு. இனி சொல்லப்போவதெல்லாம் அந்தப் பன்னிரண்டை வீணாக்காமல் இருக்கத்தான்.

தொடங்க இரண்டு வகை கேமரா போதும். ஒன்று, துருத்தி வைத்த மடக்கு கேமரா: ஸைஸ் இகான் நெட்டார், அக்ஃபா இசோலெட், ஃபோக்ட்லேண்டர் பெர்கியோ போன்றவை. மூடினால் கோட்டுப் பைக்குள் போய்விடும். விலை குறைந்தவற்றில் ஃபோகஸ் பார்க்க வழியில்லை. தூரத்தை நீங்களே மதிப்பிட்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். பயப்படாதீர்கள். 75 மி.மீ. லென்ஸை எஃப்/11இல் 5 மீட்டருக்கு வைத்தால், ஏறக்குறைய மூன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை தெளிவாக விழும். பகல் வெளிச்சத்தில் நான் அந்த வளையத்தைத் தொடுவதே இல்லை.

இன்னொன்று, மேலும் கீழும் இரண்டு லென்ஸ் வைத்த டி.எல்.ஆர். லூபிடெல், யாஷிகா, மினோல்டா ஆட்டோகார்ட், ரோலைகார்ட் என்று வரிசை ஏறிக்கொண்டே போகும். மேலே குனிந்து பார்க்க வேண்டும், காட்சி இடம் வலமாகத் தெரியும். முதல் வாரம் தலை சுற்றும், அப்புறம் கை தானாகப் பழகிவிடும். லூபிடெல்தான் இதில் எளியது. அதன் வ்யூஃபைண்டரில் நடுவில் இருக்கும் சின்ன வட்டத்தில் மட்டுமே ஃபோகஸ் தெரியும் என்பது எரிச்சல், ஆனால் லென்ஸ் நல்ல லென்ஸ். யாஷிகா-மேட் 124ஜி என்றால் உள்ளே வெளிச்சம் அளக்கும் லைட் மீட்டர் இருக்கிறது என்று விலை ஏற்றுவார்கள். அந்த மீட்டர் இப்போது தயாரிப்பில் இல்லாத பாதரச பேட்டரியை நம்பிச் செய்தது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஹோல்கா மாதிரி பிளாஸ்டிக் கேமராக்களுக்கு ரசிகர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை, ஃபிலிம் செலவு இரண்டுக்கும் ஒன்றுதானே. மாமியா ஆர்பி67? அருமையான கேமரா. லென்ஸோடு சேர்த்து இரண்டரைக் கிலோவுக்கு மேல். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் கேமராவை மேசையில் வைத்து ஒரு கால் மணி நேரம் செலவிடுங்கள். நான் போகும்போது ஒரு சின்ன டார்ச்சும் மங்கலான ஒட்டு டேப்பும் கொண்டுபோவேன். பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’யில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்துத் திறந்து பிடித்தபடி லென்ஸ் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. பால் ஊற்றியது போல மங்கலாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படமெல்லாம் வெளிறிப்போகும். அடுத்து ஷட்டரை ஒரு நொடியில் வைத்துத் தட்டுங்கள். பழைய ஷட்டரில் முதலில் படுப்பது மெதுவான வேகங்கள்தான். ஒரு நொடி இழுத்துக்கொண்டு 1/60, 1/125 சரியாக அடித்தால் நான் வாங்குவேன், விலையைக் குறைத்து. செல்ஃப் டைமர் நெம்புகோலை மட்டும் தொடாதீர்கள். பல வருடம் தூங்கிய கேமராவில் அது பாதியில் சிக்கினால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும்.

மடக்கு கேமரா என்றால் இருட்டறையில் துருத்திக்குள் டார்ச்சை விட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஓட்டைகள் மடிப்பின் மூலைகளில்தான் இருக்கும், நட்சத்திரம் போல மின்னும். இசோலெட்டில் இதைக் கட்டாயம் பாருங்கள். அதோடு ஃபோகஸ் வளையம் திரும்புகிறதா என்றும் பாருங்கள், பழைய கிரீஸ் பச்சையாகக் கெட்டித்துப்போய் வளையம் அசையாமல் நிற்பது அந்த வகையில் சகஜம். டி.எல்.ஆர். என்றால் ஃபிலிம் படியும் இடத்தில் டேப்பை இழுத்து ஒட்டி, ‘பி’யில் திறந்து, தூரத்துக் கம்பம் ஒன்று மேல் கண்ணாடியிலும் டேப்பிலும் ஒரே நேரத்தில் தெளிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஸ்பூல், அதாவது ஃபிலிம் சுற்றியிருக்கும் உருளை. சில பழைய கோடாக் கேமராக்கள் 620 கேட்கும். ஃபிலிம் அதே அகலம்தான், ஸ்பூல் மெலிந்தது. அந்த ஃபிலிம் 1995இல் நின்றுபோனது. இருட்டில் 120ஐ 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றலாம், நானும் சுற்றியிருக்கிறேன், முதல் கேமராவுக்கு அந்த வேலை வேண்டாம். உள்ளே ஒரு காலி ஸ்பூல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் முதல் ரோலைச் சுற்றிக்கொள்ள இடமில்லை.

ஃபிலிமில் குழம்ப வேண்டாம். கறுப்பு வெள்ளை எடுங்கள், ஏனென்றால் வீட்டிலேயே கழுவலாம். ஃபோமாபான் 100, கென்ட்மியர், கொஞ்சம் கூடக் கொடுத்தால் இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ். ஏதாவது ஒன்றைப் பிடித்து பத்து ரோலாவது அதிலேயே ஓட்டுங்கள்.

லைட் மீட்டருக்கு ஃபோன் செயலி போதும். அதுவும் இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். ஒளியுணர்வு (ஐ.எஸ்.ஓ.) 100 உள்ள ஃபிலிமில் ஷட்டர் 1/125. நிழலின் விளிம்பு கத்தி போல இருந்தால் எஃப்/16, விளிம்பு மெத்தென்று இருந்தால் எஃப்/11, நிழல் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தால் எஃப்/8, நிழலே இல்லை என்றால் எஃப்/5.6. சந்தேகம் வந்தால் ஒரு படி அதிக வெளிச்சம் கொடுங்கள், நெகட்டிவ் தாங்கும்.

ஃபிலிம் போடுவதை நிழலில் செய்யுங்கள், காகிதத்தைத் தொய்ய விடாதீர்கள். பின்பக்கத்தில் சிவப்பு ஜன்னல் உள்ள கேமராவில் அதன்வழியே தெரியும் காகித எண்ணைப் பார்த்து நீங்கள்தான் நிறுத்த வேண்டும். எடுத்தபின் சுற்றினோமா என்று மறந்தால் ஒரே ஃபிரேமில் இரண்டு படம் விழும். என்னிடம் ஒரு கிழவரின் முகத்தில் சைக்கிள் ஓடும் நெகட்டிவ் இருக்கிறது. அன்றிலிருந்து ஒரே பழக்கம்: எடுக்கப்போகும்போதுதான் சுற்றுவேன், முன்கூட்டியே சுற்றி வைப்பதில்லை. ரோல் முடிந்ததும் இறுக்கிச் சுற்றி, காகித நுனியின் பசையை நக்கி ஒட்டுங்கள். ஒருமுறை அவசரத்தில் ஒட்டாமல் பைக்குள் போட்டேன். ஓரமெல்லாம் வெளிச்சம் பட்டுப் புகைந்துபோய் வந்தது.

காசு மிச்சமாகும் இடம் கழுவுவதில்தான். ரீலோடு கூடிய ஒளி புகாத ஒரு டாங்க், கை நுழைக்கும் கறுப்புப் பை, தெர்மாமீட்டர், அளவுக் குவளை, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், அதை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர். இவ்வளவுதான். டெவலப்பரில் ரோடினாலைச் சொல்வேன். மூடி திறந்த புட்டியும் வருடக்கணக்கில் கெடாது, ஒரு ரோலுக்கு 10 மி.லி. போதும். துகள் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும் என்பார்கள், இவ்வளவு பெரிய நெகட்டிவில் அது ஒரு குறையே இல்லை.

சிரமம் ரீலில், அதாவது டாங்குக்குள் ஃபிலிமைச் சுருளாகப் பிடித்திருக்கும் சட்டத்தில், ஏற்றுவது. பைக்குள் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஃபிலிமின் நுனி விரலில் வழுவழுவென்று தட்டுப்படும். அதை ரீலின் வாயில் கொடுத்து, இரண்டு பக்கமும் மாறி மாறித் திருப்ப உள்ளே ஏறும். ரீலில் ஈரம் இருந்தால் சத்தியமாக ஏறாது. 120 அகலமானது, நொய்வானது. எங்காவது மடங்கினால் அந்த இடத்தில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு விழும். மறுமுனை காகிதத்தோடு டேப்பால் ஒட்டியிருக்கும், மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் இருட்டில் அந்தப் பசை லேசாக ஒளிரும். காலாவதியான ஒரு ரோலை இதற்கென்றே பலி கொடுங்கள். முதலில் வெளிச்சத்தில் கண்ணைத் திறந்து, அப்புறம் கண்ணை மூடி, அப்புறம் பைக்குள். எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

மற்றதெல்லாம் சமையல் போலத்தான். பேட்டர்சன் டாங்கில் ஒரு 120 ரோலுக்கு 500 மி.லி. வேண்டும். ரோடினாலை 1+50 (ஒரு பங்குக்கு ஐம்பது பங்கு தண்ணீர்) கலந்தால் ஹெச்பி5 பிளஸ் 20 டிகிரியில் 11 நிமிடம். பிறகு தண்ணீரில் அலசல், ஃபிக்ஸர், மறுபடி அலசல். ஃபோமாபானில் முதலில் ஊற்றும் தண்ணீர் பச்சை கலந்த நீலமாக வெளியே வந்தால் பதறாதீர்கள், அது சாயம். கடைசி அலசலுக்குக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. டாங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்றுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. இல்ஃபோர்ட் சொல்லும் வழி, தண்ணீரும் மிச்சம்.

காய்ந்த நெகட்டிவைப் பார்க்க ஸ்கேனர் வாங்க ஓடாதீர்கள். ஆவணம் எடுக்கும் சாதாரண ஸ்கேனர் இதற்கு உதவாது, மேலிருந்து வெளிச்சம் விழும் வகைதான் வேண்டும். நான் டேப்லெட்டில் வெள்ளைத் திரையைப் போட்டு, இரண்டு தீப்பெட்டிகளின் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் நெகட்டிவைப் பரப்பி, ஃபோனில் படமெடுத்து நிறத்தைத் தலைகீழாக்குகிறேன். நெகட்டிவைத் திரையிலேயே படுக்க வைத்தால் பிக்சல் புள்ளிகளும் சேர்ந்து விழும், தீப்பெட்டி அதற்குத்தான். பன்னிரண்டில் எந்த இரண்டைப் பெரிதாகப் பிரிண்ட் போடலாம் என்று பொறுக்கிக்கொள்ள இது தாராளம்.