போனஸைக் காப்பாற்ற எவ்வளவு கொடுக்கலாம்?

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் போனில் கேட்டான்: "மாமா, முதல் விபத்தை மன்னிச்சு விடுறதுக்குன்னு கார் இன்சூரன்ஸ்காரன் தனியா ரூவா கேக்கான். கட்டலாமா?" அங்கே தப்பு நம் பேரில் என்றால் அடுத்த வருஷம் ப்ரீமியம் ஏறும், ஏறாமல் இருக்க அந்தக் காசு. நம் ஊரில் இதற்குப் பக்கத்துச் சரக்கு ஒன்று உண்டு. பேர் என்.சி.பி. புரொடெக்‌ஷன், அதாவது க்ளெய்ம் போடாதவருக்கு ப்ரீமியத்தில் கிடைக்கும் கழிவான நோ க்ளெய்ம் போனஸைக் காக்க, தனிக் காசு கட்டி பாலிசியோடு சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன். எனக்குக் களக்காட்டில் வாழைத்தார் வியாபாரம். தாருக்கு என்ன விழும் என்று பார்க்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

முதலில் பாலிசித் தாளை எடுங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் தேர்ட் பார்ட்டி என்று, நம் வண்டியால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கான ஒரு பகுதி இருக்கும்; என் 1,200 சிசி காருக்கு 3,416 ரூபாய். போனஸ் அதைத் தொடாது. ஓடி என்று போட்டிருக்கும் சொந்தச் சேதப் பகுதியில்தான் கழிவு. க்ளெய்ம் இல்லாமல் ஒரு வருஷம் போனால் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்தாம் வருஷம் 50. ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் மறுபடி சைபர்.

எனக்குக் கழிவுக்கு முன் ஓடி 9,000. பாதி போக 4,500 கட்டுகிறேன். க்ளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் 9,000, பிறகு 7,200, 6,750, 5,850, 4,950 என்று படியேறி வர வேண்டும். கூடுதலாகப் போவது மொத்தம் 11,250. அதாவது, 50 சதவீதத்தில் இருப்பவருக்கு இழப்பு முழு ஓடியில் ஒன்றேகால் பங்கு. 20 சதவீதத்தில் இருப்பவருக்கு அதைவிடக் குறைவுதான்.

ஆட்-ஆனுக்கு என்னிடம் 600 ரூபாய் கேட்டார்கள். வண்டி பழசாக ஓடி குறையும் என்பதையும் சேர்த்தால், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவை இடித்தாலே காசு வந்துவிடும். சரி, வாங்கலாம். வேறொரு கம்பெனி அதையே 2,000 என்றது. அப்படியானால் மூன்று நாலு வருஷத்துக்குள் கட்டாயம் ஒருமுறை இடித்தாக வேண்டும்! வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆட்-ஆன் வாங்குவதற்கு முந்தின வருஷம், மாமியார் வீட்டுக் காம்பவுண்டுத் தூணில் ரிவர்ஸில் இடித்தேன். பம்பர் பிளந்து, டெயில் லைட் தொங்கியது. பில் 7,800. "அண்ணாச்சி, க்ளெய்ம் போட்டுருவமா?" என்றார் பட்டறைக்காரர். பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம், கட்டாயப் பிடித்தம் 1,000 எல்லாம் போக 4,200 தேறும் என்றார். அதற்காக 11,250-ஐ விடுவேனா? கைக்காசு போட்டேன். ஆட்-ஆன் இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன். வருஷத்துக்கு ஒரு க்ளெய்ம்தான் என்று கணக்கு வைக்கும் பாலிசிகள் உண்டு. அதைப் பம்பருக்குச் செலவழிக்கக் கூடாது.

"நான் பதனமா ஓட்டுவேன், எனக்கெதுக்கு?" என்பவர்களுக்கு ஒன்று. பேரே நோ க்ளெய்ம் போனஸ். தப்பு யார்மேல் என்ற கேள்வியே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி திருநெல்வேலி ஊருக்குள் வந்ததே, அப்போது ஜங்ஷன் பக்கம் நிறுத்தியிருந்த என் சிநேகிதர் கார் முங்கிப்போனது. க்ளெய்ம் போட்டார், போனஸும் தண்ணீரோடு போயிற்று. (இன்ஜினுக்குள் தண்ணீர் போனதற்கு வேறு ஆட்-ஆன். அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: வருஷத்துக்கு எத்தனை க்ளெய்ம் வரை போனஸ் நிற்கும்? வண்டி திருடு போனாலோ முழுச் சேதம் என்றாலோ நிற்குமா? அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போனால் அவர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் ஏஜெண்ட் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். இன்னொன்று, ஆட்-ஆன் காப்பது கழிவின் சதவீதத்தை மட்டும். 9,000 என்பதை 10,000 ஆக்குவதை அது தடுக்காது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸும் போய்விடும். அதற்கு ஆட்-ஆன் உதவாது.

வீட்டில் இன்னொரு பழைய கார் நிற்கிறது. அதன் ஓடி மொத்தமே 2,400. அதற்கு வாங்கவில்லை.