பிள்ளையைக் காட்ட மறுக்கிறார், கட்டளை கையில் இருக்கிறது: என்ன செய்யலாம்?

பிரிந்து வாழும் துணை சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளையை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளை போட்டிருக்கும். கிளிநொச்சியில் இருந்து பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போனால் வீடு பூட்டியிருக்கும். கோபம் வரும்தான். ஆனால் வேலியடியில் நின்று சத்தம் போடாதீர்கள். அடுத்த தவணையில் அதுவே உங்களுக்கு எதிரான கதையாகிவிடும்.

கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். போன திகதி, நேரம், கூட வந்தவர் யார் என்பதை அன்றைக்கே கொப்பியில் எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். அப்புறம், பொலிஸில் ஒரு முறைப்பாடு பதிந்து இலக்கத்தை வாங்குங்கள். பொலிஸார் பிள்ளையைப் பிடித்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பதிவு பிறகு சாட்சியாக உதவும்.

பிறகு சட்டத்தரணி மூலம், கட்டளை போட்ட அதே நீதிமன்றத்தில், அதே வழக்கு இலக்கத்தில், கட்டளை மீறப்பட்டது என்று விண்ணப்பம் போடுங்கள். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அலுவலகம் இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் இதற்கெல்லாம் காத்திராமல் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.

தாபரிப்புப் பணம் வராவிட்டால் அது வேறு வழி: 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம். பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவது சரிவராது, பணம் தரவில்லை என்று பிள்ளையை மறைப்பதும் அப்படித்தான்.