சிகிச்சைக்கு முன்பே தொடங்கும் மறதி: புற்றுநோயாளிகளும் குடும்பத்தினரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோயாளிக்கு வரும் மறதிக்கும் கவனக் குறைவுக்கும் கீமோதெரபி மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடுவது பலரும் செய்யும் முதல் தவறு. மூளைக்கு வெளியே புற்று தோன்றியவர்களிலும், மருந்து ஏறுவதற்கு முன்பே, 30 சதவீதம் பேர் வரை நினைவாற்றலிலோ சிந்திக்கும் வேகத்திலோ பின்தங்கியிருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன.

அப்படியானால் அது வெறும் பயம்தான் என்று ஒதுக்குவதும் சரியல்ல. கவலைக்கும் தூக்கமின்மைக்கும் இதில் பங்குண்டு என்றாலும், கட்டியும் அதை எதிர்க்கும் நோயெதிர்ப்பு அணுக்களும் சுரக்கும் சைட்டோகைன் என்னும் அழற்சிப் புரதங்கள் மூளையின் செயல்பாட்டை மாற்றக்கூடும். இரத்தசோகையும் சிந்தனையை மந்தப்படுத்தும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, திடீர்க் குழப்பத்தைச் சாதாரண மறதியாக எண்ணிக் காத்திருப்பது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் மல்டிபிள் மைலோமா என்னும் புற்றிலும், எலும்புக்குப் பரவிய புற்றிலும் இரத்தத்தில் கால்சியம் கூடி, தாகம், மலச்சிக்கல், அரைமயக்கம், குழப்பம் என்று அடுத்தடுத்து வரலாம். சிறுசெல் நுரையீரல் புற்றில் சோடியம் குறைந்தும் இதே குழப்பம் நேரலாம். இவ்விரண்டையும் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும், சரிசெய்யவும் வழியுண்டு என்பதால், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரிதாக, புற்றை எதிர்த்து உடலில் உருவான ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதங்களே மூளையைத் தாக்கி, கட்டி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே மறதியையும் வலிப்பையும் உண்டாக்குவதும் உண்டு. புற்று மூளைக்குப் பரவியிருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

டிமென்ஷியா என்னும் மறதி நோயைக் கண்டறிய உதவும் 30 மதிப்பெண் குறுந்தேர்வில் நல்ல மதிப்பெண் கிடைத்ததும் கவலை தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. நுண்ணிய தடுமாற்றம் அதில் எளிதில் தப்பிவிடும். இயன்றால், சிகிச்சை தொடங்கும் முன்பே நினைவாற்றல், கவனம், சிந்திக்கும் வேகம் ஆகியவற்றை அளக்கும் விரிவான நரம்பு உளவியல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, ஏனெனில் பின்னர் ஏற்படும் மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேறு அளவுகோல் இருக்காது. அதற்கு வசதியில்லாதவர்கள், வழக்கமான எந்த வேலையில், எப்போதிலிருந்து தடுமாற்றம் தெரிகிறது என்பதைத் தேதியுடன் எழுதி மருத்துவரிடம் காட்டலாம்.

தூக்க மாத்திரையையும் ஒவ்வாமை மாத்திரையையும் தாமாகவே வாங்கி விழுங்குவது மந்தத்தைக் கூட்டக்கூடும். மறதி மேலும் கூடிவிடும் என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதோ அதைவிடப் பெரிய இழப்பில் முடியலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: பெயரோ தேதியோ உடனே நினைவுக்கு வராதவர், தம் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள உடன் செல்லுங்கள். ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும்.