மசோதா நிறைவேறியதும் நிம்மதியாகிவிடாதீர்கள்

அமெரிக்காவில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளை வளர்க்கும் நம் குடும்பங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று உண்டு. மாநிலச் சட்டமன்றத்தில் இவர்களுக்கு உதவும் மசோதா ஒன்று நிறைவேறிய செய்தி வாட்ஸ்அப்பில் வந்ததும் இனி கவலையில்லை என்று இருந்துவிடுகிறோம். நானும் இருந்தேன். மகனைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு உதவியாளர் வருவார் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

மசோதாவோடு பட்ஜெட்டையும் நான் பார்த்திருக்க வேண்டும். வீட்டு உதவியாளர், பகல்நேரப் பயிற்சி, பெற்றோருக்குச் சில மணி நேர ஓய்வு எல்லாவற்றுக்கும் பணம் பெரும்பாலும் மெடிகெய்ட் வெய்வர் வழியாகத்தான் வருகிறது. மெடிகெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கும் குறைபாடுள்ளவர்களுக்குமான அரசு மருத்துவக் காப்பீடு. அதன் பணத்தைப் பராமரிப்பு இல்லங்களுக்குப் பதிலாக வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் செலவழிக்க மாநிலங்களுக்கு 1981-இல் வந்த ஏற்பாடுதான் வெய்வர். செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு தரும், மீதி மாநிலத்தின் பொறுப்பு. எத்தனை பேருக்கு இடம் என்று மாநிலமே வரம்பு வைக்கலாம். புதிய இடங்களுக்குப் பணம் ஒதுக்கவில்லையென்றால் சட்டத்தில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் காத்திருப்போர் வரிசை நகராது. உதவியாளரின் சம்பளமும் மாநிலம் நிர்ணயிக்கும் கட்டணத்தைப் பொறுத்ததுதான். அது குறைவாக இருந்தால், இடம் கிடைத்த பிறகும் ஆள் கிடைக்காது.

அடுத்தது, பிள்ளை பெரியவனாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது. டெக்சாஸில் சில வெய்வர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள். சின்ன வயதிலேயே காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். வீடு மாறினால் புது முகவரியை உடனே சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் கடிதத்துக்குப் பதில் போகாமல் பட்டியலிலிருந்து பெயர் விழுந்துபோனால், அத்தனை வருடக் காத்திருப்பும் வீண்.

வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் வீட்டு வாடகை விசாரிக்கிறார்கள், பள்ளிக்கூடம் விசாரிக்கிறார்கள், வெய்வரைப் பற்றி மட்டும் விசாரிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாநிலத்தில் கிடைத்த வெய்வர் நம்மோடு கூட வராது. கலிபோர்னியாவில் 1969-இல் வந்த லாண்டர்மன் சட்டம் இந்தச் சேவைகளை உரிமையாகவே தருகிறது. அங்கே இவற்றை ஏற்பாடு செய்துதரும் 21 ரீஜனல் சென்டர்கள் இருக்கின்றன. அங்கிருந்து டெக்சாஸுக்கு வந்தால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். யாருக்குத் தகுதி என்பதும் மாறும்: மத்திய சட்டப்படி குறைபாடு 22 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், கலிபோர்னியாவில் 18 வயதுக்குள்.

பிள்ளைக்கு 18 ஆனதும் கார்டியன்ஷிப் (அவனுக்காக முடிவெடுக்கும் உரிமையை நீதிமன்றம் வழியாகப் பெறுவது) தவிர வேறு வழியில்லை என்று நினைப்பதும் தவறு. பிள்ளை முடிவுகளைத் தானே எடுத்துக்கொண்டு, கூட ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள 2015-இல் டெக்சாஸ் சட்டம் கொண்டுவந்தது. பிறகு மற்ற பல மாநிலங்களும் கொண்டுவந்தன.

சரி, நாம் யாரிடம் பேசுவது? பலர் வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இடங்களின் எண்ணிக்கையும் கட்டணமும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் கையில். காலமும் முக்கியம். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடும், வழக்கமான கூட்டம் 140 நாள்தான். மே மாதம் போய்க் கதவைத் தட்டினால் பட்ஜெட் கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.

பொதுமக்கள் பேசும் சட்டமன்றக் குழு விசாரணையில் இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். முதல் தடவை ஆட்டிசம் என்றால் என்ன என்று விளக்கியே என் நேரத்தைத் தீர்த்துவிட்டேன். அடுத்த தடவை மகன் தூங்காத இரவுகளைக் குறித்துவைத்த நோட்டைக் கொண்டுபோனேன். 'இரவு 1:10, வாசல் கதவைத் திறந்தான். 2:40, மறுபடியும். 4:00, தூங்கினான். 6:30, நான் வேலைக்குக் கிளம்பினேன்.' ஒரே ஒரு பக்கம். குழுவில் ஒருவர் கையிலிருந்த தாளை வைத்துவிட்டு, உங்கள் பெயர் எத்தனை வருடமாகப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டார்.