புதிய ஸ்போர்ட்டி செடானுக்குக் காத்திருப்போர் அதன் டாஷ்போர்ட் வெளிச்சத்தைச் சோதிக்கும் முறை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து, கொழும்பில் புதிய குடும்பக் கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், வாகனம் கப்பலேறுவதற்கு முன்பே அதன் படங்களைக் கைத்தொலைபேசியில் பெருக்கிப் பெருக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் தெரிவுகளும் மாறிவிட்டன. இந்நகரத்துக் குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய ரொயோட்டா பிரீமியோ, அலியன் ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2021 மார்ச்சுடன் நின்றுபோனது. அவற்றின் இடத்தில் இப்போது பேசப்படுபவை ஹொண்டா சிவிக், மஸ்டா 3 போன்ற, பிள்ளைகளுக்கும் பொதிகளுக்கும் இடம் விட்டு ஓட்டுபவருக்கும் கொஞ்சம் உற்சாகம் தரும் செடான்கள். இவ்வகைக் கார்களின் விளம்பரத்தில் முன்னுக்கு வருவது இருளில் ஒளிரும் டாஷ்போர்ட். அதைப் பார்த்து ஆசைப்படுவதில் தவறில்லை. ஆயினும் முற்பணம் கொடுப்பதற்கு முன்னர், அந்த வெளிச்சம் எவ்வளவு அழகாக எரிகிறது என்பதைவிட அதை எவ்வளவு தூரம் குறைக்க முடிகிறது என்பதையே சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

படங்களை அப்படியே நம்ப முடியாமைக்குக் காரணம் கமெரா வேலை செய்யும் விதம். இருட்டறையில் வாகனத்தை நிறுத்தி, கமெராவின் கண்ணை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்கும் படத்தில், கதவோரத்து மங்கிய ஒளிக்கோடுகூடத் தீபாவளி விளக்குப் போலப் பிரகாசிக்கும். எல்சிடி திரையின் கறுப்பு, விளம்பரத்துக்காகத் திருத்திய படத்தில் மைக்கறுப்பாகத் தெரியலாம்; ஆனால் அத்திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால், நேரில் இரவில் பார்க்கும்போது அந்தக் கறுப்பு சாம்பல் பூத்த ஒளியாகக் கசியும். ஓஎல்ஈடி திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் இச்சிக்கல் இல்லை. திரை பெரிதாகப் பெரிதாக இக்கசிவும் கூடுகிறது என்பதை, பத்து, பன்னிரண்டு அங்குலத் திரைகளை விரும்புவோர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இருப்பினும் படங்களிலிருந்து சில விடயங்களை உறுதியாக அறிந்துகொள்ளலாம். மீற்றருக்கு மேலே நிழல் தரும் முகடு இருக்கிறதா, அல்லது திரை மேசையில் வைத்த டெப்லெட் போல வெறுமையாக நிற்கிறதா என்று பாருங்கள். முகடு இல்லாத திரையின் ஒளி முன்கண்ணாடிக்குத் தடையின்றிப் போகும். திரையைச் சுற்றிப் பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக் அதிகமாக இருந்தால், பகலில் வெயிலும் இரவில் வீதி விளக்கும் அதில் விழுந்து கண்ணுக்குத் திரும்பும். வேக இலக்கம் எவ்வளவு பெரிது என்பதையும் கவனியுங்கள். 1990களின் இறுதியில் வந்த லெக்ஸஸ் ஐஎஸ் 200 காரில், கைக்கடிகாரத்தின் முகத்தைப் பார்த்துச் செய்ததுபோல வேகமானிக்குள்ளேயே மூன்று சிறு மானிகள் பொருத்தப்பட்டிருந்தன. பார்க்க அது கொள்ளை அழகு. ஆனால் ஓடும்போது ஒரு கணப் பார்வையில் படிக்கக்கூடிய அளவல்ல. இன்றைய டிஜிட்டல் மீற்றர்கள் சில அதே வேலையைப் பத்து மடங்காகச் செய்கின்றன. நகரத்தில் 50, வெளி வீதிகளில் 70, அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் என்ற எல்லைகளுக்குள் ஓட்டும் ஒருவருக்கு இரவில் தேவையானவை வேகம், எரிபொருள், எச்சரிக்கை விளக்குகள் ஆகிய மூன்றே.

நிறத்தைப் பற்றி நண்பர்களுக்கிடையே நடக்கும் வாதம் ஓய்வதில்லை. பீஎம்டபிள்யூ கார்கள் நீண்ட காலமாகச் செம்மஞ்சள் ஒளியைப் பாவித்தமைக்கு ஒரு காரணம் உண்டு. இருளில் பார்க்க உதவும் கோல்வடிவ விழிக்கலங்கள் ஏறத்தாழ 500 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளிக்கே மிகவும் உணர்திறன் உள்ளவை; செந்நிற ஒளியை அவை ஏறக்குறைய உணர்வதே இல்லை. ஆகவே மங்கலான சிவப்பு ஒளி, இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காது. நீல ஒளியோ அக்கலங்களைச் சட்டென்று பாதிப்பதுடன், விழித்திரையில் கூர்மையாகக் குவியவும் மாட்டாது. அதனால் நீல எழுத்துகளின் விளிம்பு இரவில் கலங்கித் தெரியும். ஆனால் கண் முழுமையாக இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் வேண்டும். கொழும்பின் பிரதான பாதையான காலி வீதியில் கடைகளின் விளக்குக்கும் எதிர்வரும் பஸ்ஸின் ஹெட்லைட்டுக்கும் நடுவே அப்படிப் பழக வாய்ப்பே இல்லாததால், கொழும்புக்குள் மட்டும் ஓடும் காருக்கு நிறம் பெரிய விடயமாகாது. யாழ்ப்பாணத்துக்கு இரவில் புறப்படுபவருக்கு நிலைமை வேறு. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணத்தில் வவுனியாவைத் தாண்டி முறிகண்டி வரையிலான பாதையில் நீண்ட தூரத்துக்கு வீதி விளக்கு இராது. மாடு படுத்திருப்பதையும் விளக்கில்லாத சைக்கிளையும் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் கண்தான். நிறத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் அத்தகைய பயணத்தில் செம்மஞ்சளைத் தெரிவுசெய்யுங்கள். வெள்ளை மட்டுமே இருந்தால் அதை நன்றாகக் குறையுங்கள். நன்கு குறைத்த வெள்ளை, குறைக்காத சிவப்பைவிட மேலானது.

இனி நேரில் சோதிக்கும் முறைக்கு வருவோம். விற்பனை நிலையங்கள் பொதுவாகக் காலை அல்லது மதிய வேளையில் ஓட்டிப் பார்க்க அழைப்பார்கள். அதை ஏற்காமல் மாலை ஐந்தரை மணிக்குக் கேளுங்கள். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டியே மறைவதாலும், மறைந்து அரை மணிக்குள் இருள் கவிந்துவிடுவதாலும், ஒரே ஓட்டத்தில் வெயில், அந்தி, இருள் ஆகிய மூன்றையும் பார்த்துவிடலாம். முதலில் மரைன் டிரைவ் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லுங்கள். அவ்வேளையில் சூரியன் கடற்பக்கமாக, அதாவது உங்கள் வலது யன்னல் வழியே, தாழ்வாக அடித்துத் திரையில் நேரே விழும். அந்த வெயிலில் வேகத்தைப் படிக்க முடியாவிட்டால், திரை எத்தனை அங்குலமாக இருந்தும் பயனில்லை. குளிர்க்கண்ணாடி அணிபவரானால் அதை அணிந்தபடியே பாருங்கள். போலரைஸ்டு வகைக் கண்ணாடியூடாகச் சில திரைகள் இருண்டு தெரியும். முன்கண்ணாடியில் இலக்கத்தைக் காட்டும் ஹெட் அப் டிஸ்பிளே பெரும்பாலும் மறைந்தே போகும்.

புறப்படுவதற்கு முன் செய்யவேண்டிய சிறு சோதனை ஒன்றும் உண்டு. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பொத்தானை இருமுறை அழுத்தினால், பெரும்பாலான கார்களில் எஞ்சின் இயங்காமலேயே மீற்றர் உயிர்பெறும். எச்சரிக்கை விளக்குகளும் எரியும். எயார்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். அது எரியவே இல்லை என்றால், எரியாத விளக்கைக் கண்டு நிம்மதியடையாமல் அவதானமாக இருங்கள், குறிப்பாகப் பாவித்த வாகனமாக இருந்தால். கோளாறை மறைக்க அவ்விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கக்கூடும். சிவப்பு உடனே நிற்கவேண்டிய ஆபத்தையும், மஞ்சள் விரைவில் கவனிக்கவேண்டிய குறையையும், பச்சை வழமையான இயக்கத்தையும், நீலம் ஹை பீமையும் காட்டுவது எல்லா நாட்டுக் கார்களுக்கும் ஏறக்குறையப் பொதுவானது. டிஜிட்டல் மீற்றரின் அலங்காரப் பின்னணிக்கு நடுவே இவ்விளக்குகள் தனித்துத் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஸ்போர்ட் மோடில் திரை முழுவதும் சிவப்பாகும் கார்களில் இது சற்றுச் சிக்கலான கேள்விதான்.

இருட்டிய பிறகு, விளக்கு வெளிச்சம் குறைந்த ஒரு குறுக்கு வீதியில் காரை நிறுத்தி, உங்கள் உயரத்துக்கு ஏற்ப ஆசனத்தைச் சரிசெய்துகொண்டு, டாஷ்போர்ட் வெளிச்சத்தை ஆகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் திரையின் ஒளி உங்கள் விரல்களில் விழுகிறது என்றால் அந்தக் கார் நீண்ட இரவுப் பயணத்துக்கு உகந்ததல்ல. பிறகு வலது பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். வலப்புற ஸ்டியரிங் உள்ள காரில் டாஷ்போர்ட்டின் விம்பம் பெரும்பாலும் விழுவது ஓட்டுபவரின் யன்னலில், அதுவும் பக்கக் கண்ணாடியை நோக்கும் அதே இடத்தில். வெளியே வரும் மோட்டார் சைக்கிளின் விளக்குக்கு மேலே திரையின் வரைபடம் மிதந்தால், முந்திச் செல்லும் ஒவ்வொரு முறையும் அது தொல்லை தரும். யன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டும் எண்ணம் இருந்தால் விம்பம் இன்னும் தெளிவாகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். வீட்டில் வயதானவர் ஓட்டுவதாக இருந்தால் அவரையும் ஆசனத்தில் இருத்திப் பார்ப்பது நல்லது. வயதோடு விழிவில்லை மஞ்சளித்துக் கலங்குவதால், உங்களுக்கு இதமாக உள்ள ஒளி அவருக்குக் கூசலாம்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்பது, விற்பனையாளர் சொல்லாத, ஆனால் நாள்தோறும் தேவைப்படும் தகவல். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சிறு உருளையாக இருந்தால் சிறப்பு. மூன்று மெனுக்களுக்குள் புதைந்திருந்தால் ஓட்டிக்கொண்டு அதைத் தொடாதீர்கள். ஜப்பான் சந்தைக்கென்று செய்யப்பட்ட கார்களின் திரை ஜப்பானிய மொழியிலேயே இருக்கலாம். சூரியன் அல்லது மீற்றர் போன்ற குறியைத் தேடினால் வெளிச்ச அமைப்பு அகப்படும். ஒரு லீட்டர் டர்போ சிவிக் போன்று பிரித்தானியாவிலிருந்து வந்த பாவித்த கார்களைப் பார்ப்பவர்கள், வேகம் மைலிலிருந்து கிலோமீற்றருக்கு மாறுகிறதா என்பதையும் அந்த மெனுவிலேயே உறுதிசெய்துகொள்ளலாம்.

மழைக்காலப் பிற்பகலில் ஹெட்லைட்டைப் போட்டவுடன் மீற்றர் மங்கிவிடுகிறது என்று முறையிடுபவர்கள் அநேகர். இது கோளாறல்ல. விளக்கு எரிந்தால் இரவு என்று கார் எடுத்துக்கொள்கிறது. ரொயோட்டா, ஹொண்டா கார்கள் பலவற்றில், வெளிச்ச உருளையை மேல்நோக்கி ஆக உச்சத்துக்குத் திருப்பினால், சிறு தட்டலுடன் அல்லது ஒலியுடன் அந்த மங்கல் நீங்கிப் பகல் வெளிச்சம் திரும்பும். மழை விட்டு இருட்டியதும் மறக்காமல் அதைக் கீழே இறக்குங்கள். உருளையை உச்சத்திலேயே விட்டு இரவில் கண் கூசுகிறது என்று சொல்வோரும் உண்டு.

தானியங்கி விளக்குள்ள கார்களில் இன்னொரு வேடிக்கை நடக்கும். டாஷ்போர்ட்டின் மேற்பரப்பில், முன்கண்ணாடியை ஒட்டி, மிளகை விடச் சற்றுப் பெரிய கறுப்புக் குமிழ் ஒன்று தெரியும். பல கார்களில் ஒளியை உணர்வது அதுதான். சில கார்களில் அது உட்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் பூசை முடித்துவந்த புதுக் காரில், ஸ்டிக்கரோடு கூடிய பிள்ளையார் சிலையைச் சரியாக அந்தக் குமிழின் மேல் நிறுத்தினால், நடுப்பகலிலும் ஹெட்லைட் எரியும், மீற்றரும் மங்கும். பிள்ளையாரை நான்கு விரல்கள் தள்ளி இருத்தினால் குறை தீரும். வெயிலுக்காக விரிக்கும் டாஷ்போர்ட் விரிப்பும் இதே தொந்தரவைத் தரும். விரிப்பை வெட்டும்போது குமிழுக்கு ஓர் ஓட்டை விடச் சொல்லுங்கள். டாஷ்போர்ட்டுக்குப் பளபளப்பு பொலிஷ் பூச வேண்டாம்; அது முன்கண்ணாடியில் விம்பத்தைக் கூட்டும். மீற்றரின் மேலுள்ள தெளிந்த பிளாஸ்டிக்கை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் விழும் கீறல்கள் இரவில் ஒவ்வொன்றாக மின்னும். சற்று ஈரமான மைக்ரோஃபைபர் துணியே போதும்.

1989இல் முதல் லெக்ஸஸ் எல்எஸ் 400 தானாக ஒளிரும் மானிகளோடு வந்தபோது அது புதுமை. இன்று ஏறக்குறைய எல்லா மீற்றர்களும் பகலிரவு பாராமல் ஒளிர்கின்றன. இதன் பின்விளைவாக, மீற்றர் பளிச்சென்று தெரிவதால் ஹெட்லைட் போட்டிருப்பதாக எண்ணி, முன்னுள்ள பகல் விளக்கை மட்டும் எரியவிட்டு, பின் விளக்கு இல்லாமலே இரவில் ஓட்டுபவர்களைக் கொழும்பு வீதிகளில் அடிக்கடி காணலாம். ஜப்பானில் 2020 ஏப்ரலிலிருந்து புதிதாக அறிமுகமாகும் கார்களுக்குத் தானியங்கி ஹெட்லைட் கட்டாயமாக்கப்பட்டது. வேறு சந்தைக்காகச் செய்யப்பட்ட காரில் அது இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல், பச்சை நிற விளக்குக் குறி எரிகிறதா என்று பாருங்கள்.

கார் கைக்கு வந்த பின், தொழிற்சாலை தந்த வெளிச்சம் போதாதென்று, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போக மனம் உந்தலாம். பழைய கார்களில் ரீ5 அளவிலான சிறு பல்புகளைக் கழற்றி எல்ஈடி போடுவது எளிய வேலைதான். எரியாவிட்டால் பல்பைத் திருப்பிப் போடவேண்டும், ஏனெனில் எல்ஈடி ஒரு திசையில் மட்டுமே மின்னைக் கடத்தும். சில எல்ஈடிகள் குறைக்கும்போது மினுங்கும் என்பதால், முழுவதையும் மாற்றுவதற்கு முன் ஒன்றைப் போட்டுக் குறைத்துப் பாருங்கள். புதிய செடானில் அந்த வேலைக்கு இடமில்லை: மீற்றர் ஒரே மூடிய தொகுதி, அதைத் திறந்தால் உத்தரவாதம் கேள்விக்குள்ளாகும், பிறகு விற்கும்போது ஓடிய தூரத்தைக் குறித்தும் சந்தேகம் எழும். கதவோரமும் காலடியிலும் ஒளிக்கோடு பொருத்தியே ஆகவேண்டும் என்றால், அதற்கெனத் தனிப் பியூஸ் வைக்கச் சொல்லுங்கள். மின்கம்பியை முன்கண்ணாடித் தூணின் உறைக்குள் இழுக்க விடாதீர்கள், பக்கத் திரை எயார்பேக் விரிவது அதன் வழியாகத்தான். அந்த ஒளிக்கோட்டுக்கும் தனியாக அணைக்கும் சுவிட்ச் ஒன்றைக் கை எட்டும் இடத்தில் வைப்பியுங்கள்.