இரண்டாவது மடிக்கணினியும் அலுமாரிக்குள் கிடந்த ரவுட்டரும்

வீட்டு வைஃபையில் இன்னொரு மடிக்கணினியைச் சேர்க்கும்போது நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். கடவுச்சொல்லைப் பிழையாகத் தட்டுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அது தானாகவே தெரிந்துவிடும். எனக்கு இன்னமும் எரிச்சலூட்டும் தவறு வேறு.

பழைய ரவுட்டரை அப்படியே செருகுவது

கொழும்பில் ஃபைபருக்கு மாறிய பல வீடுகளில் பழைய ஏடிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பிவழி இணையம்) ரவுட்டர் அலுமாரிக்குள் கிடக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு மடிக்கணினி வாங்கியதும், பின்னறைக்கு வைஃபை எட்டவில்லையென்று அதை எடுத்துப் புதியதோடு கேபிளால் இணைத்துவிடுகிறார்கள்.

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரியை வழங்குவது ரவுட்டரிலுள்ள டிஎச்சிபி என்ற சேவை. இப்போது வழங்குபவர்கள் இருவர். முந்திப் பதில் சொல்பவரையே மடிக்கணினி நம்பும். பழையது முந்தினால், வெளியே போகும் வழி தானே என்று சொல்லிவிடும். அதனிடமோ இணையமே இல்லை. இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால், அதுவரை ஒழுங்காக ஓடிய கைபேசிகளும் தடுமாறும். வைஃபை குறியீடு மட்டும் முழுதாகத் தெரியும்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் இதுதான் நடந்தது. வீட்டுக்காரர் முதலில் இணைய நிறுவனத்தைத் திட்டினார். பிறகு மடிக்கணினியைக் கடைக்குத் தூக்கிப் போனார். அங்கே விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினார்கள். கூலியும் போயிற்று, பிள்ளையின் பாடக்குறிப்புகளும் போயின. நான் பழைய பெட்டியின் மின்னிணைப்பைப் பிடுங்கியதும் எல்லாம் சரியானது. “அது சும்மா வைஃபையை நீட்டுகிற பெட்டிதானே, தம்பி?” என்றார். சும்மா இல்லை, ஐயா.

பழையதைப் பயன்படுத்தலாம், வரிசைதான் முக்கியம். முதலில் அதை மடிக்கணினியோடு மட்டும் இணைத்து, முகவரியை மாற்றுங்கள். புதிய முகவரி, பிரதான ரவுட்டர் கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முகவரிகளின் எல்லைக்கு வெளியே இருக்கட்டும். அடுத்து டிஎச்சிபியை அணையுங்கள். அதன் பிறகே இரண்டின் லேன் (LAN என்று குறித்த) துளைகளையும் கேபிளால் இணையுங்கள். தொலைபேசிக் கம்பி செருகும் துளை இதற்கு உதவாது.

கடவுச்சொல் மறந்தால் ரவுட்டரின் ரீசெட் துளையை ஊசியால் குத்துவது

வேண்டாம். இணைய நிறுவனம் பதிந்த அமைப்புகளும் அழிந்துபோகலாம். நீங்கள் மாற்றாத கடவுச்சொல்லென்றால், ரவுட்டரின் அடியிலுள்ள ஒட்டியைப் பாருங்கள்.

தூர அறையில் 5 கிகாஹேர்ட்ஸ்

வைஃபையின் இரு அலைவரிசைகளில், சுவர் குறுக்கிட்டால் 2.4 கிகாஹேர்ட்ஸ்தான் பெரும்பாலும் கூடுதலாக எட்டும்.

புதிய மடிக்கணினியும் மாத டேட்டாவும்

விண்டோஸ் புதுப்பிப்புகள் முதல் நாளிலேயே பல ஜிபியை விழுங்கக்கூடும். மாதத்துக்கு இவ்வளவுதான் டேட்டா என்று அளவிட்ட பொதியென்றால், வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை ‘அளவிடப்பட்டது’ என்று முதலில் குறித்துவிடுங்கள்.